நின்னாத்தான் தெரியும்

வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்றுதான் அந்த அக்காவை முதலில் பார்த்தேன். ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெரு. மாடி காலியாக இருக்கிறது என்று யாரோ சொல்லிப் போயிருந்தேன். வாசலில் ஒரு கறுப்பு அம்பாசடர் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர் மெக்கானிக், முகத்தில் இழவு வீட்டுக் களை. இன்னொருவர் ஐம்பத்தைந்தைத் தாண்டிய பெண்மணி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது போல முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். கெட்டுப்போன கார் இதில் யாருடையது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் யார், எதற்கு வந்தேன் என்று கேட்பதற்கு முன்னாலேயே அவர் என்னிடம் சொன்னார்: "பேட்டரி நல்லாத்தான் இருக்காம்."

"அப்ப என்ன கோளாறு?" என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தேன்.

"அது இன்னும் தெரியல. பேட்டரி இல்ல. அம்புட்டுத் தெரிஞ்சிருச்சுல்ல?"

நான் கணக்கு டீச்சர். விடை தப்பு என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு, அதோடு கதை முடிந்தது. தப்பு விடை வந்ததற்காக ஒரு மனுஷி இப்படிப் பூரித்துப்போய் நிற்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வீடு பிடித்திருந்தது, குடி வந்துவிட்டோம். வீட்டுக்காரியைப் பற்றித்தான் கொஞ்சம் யோசனையாக இருந்தது.

இப்போது நாங்கள் வேறு ஊரில் இருக்கிறோம். அவரைப் பார்த்துச் சில வருஷங்கள் ஆகின்றன. பெயர் வேண்டாம். தெருவே அவரைக் கார்க்கார அக்கா என்றுதான் சொல்லும், நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வயதில் மூத்தவர், வீட்டுக்காரி, ஆனாலும் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, "டீச்சர்" தான். வீட்டுக்குள் அவர்கள் தெலுங்கு பேசுவார்கள். ரொம்பச் சந்தோஷம் வந்தால் மட்டும் எங்களிடமும் "அவுனா?" என்று ஒரு வார்த்தை நழுவும். அப்படியா என்று அர்த்தம். ஏதாவது ஒரு பாகம் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சொல்லும்போதெல்லாம் அந்த "அவுனா" மாடி வரைக்கும் கேட்கும்.

நாங்கள் குடிபோன சமயத்தில் காரின் நோய் இதுதான்: பேட்டரி சார்ஜ் ஏறாது. ஓடும்போது டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஒரு முனகலோடு அடங்கிவிடும். உடனே தெருவே சேர்ந்து தள்ளும். தள்ளுகிற எல்லோரிடமும் ஒரு காரணம் தயாராக இருக்கும். அதில் தலையாயவர் எதிர்வீட்டு ஏட்டையா. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பவ இடத்துக்கு வருவதற்கு முன்பே குற்றவாளி யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். "பேட்டரியத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்குத்தா. நான் சொன்னா சொன்னதுதான்" என்பார். பேட்டரி இல்லை என்று தெரிந்த பிறகு டைனமோ என்றார். அதுவும் இல்லை என்றானதும் கொஞ்ச நாள் வெளியே வரவில்லை.

அக்கா எதையும் தூக்கிப் போடவும் விடவில்லை, இரண்டு காரியத்தை ஒரே சமயத்தில் செய்யவும் விடவில்லை. ஒன்றைக் கழற்றினால் அதைச் சோதித்து முடித்த பிறகுதான் அடுத்தது. "ரெண்டையும் மாத்திப்புட்டா எதுல சரியாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். சரியானால் போதாதா என்று மெக்கானிக் முணுமுணுப்பார். எனக்கும் அதுதான் கேள்வி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்கு டைனமோவைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். பெஞ்சில் மாட்டிச் சுற்றிப் பார்த்தால் ஜம்மென்று வேலை செய்தது. அவுனா. டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அளந்து விடுகிற கட்-அவுட் பெட்டியைக் கழற்றி இன்னொரு காரில் பொருத்திப் பார்த்தார்கள். அதுவும் பத்தரைமாற்றுத் தங்கம். அவுனா. அன்று சாயங்காலம் நான் பொறுக்க முடியாமல் சொல்லியே விட்டேன்.

"எல்லாமே நல்லாருக்குக்கா. கார் மட்டுந்தான் ஓடல."

அவர் கோபப்படவில்லை. தலையைச் சாய்த்து யோசித்தார். "சரியாச் சொன்னிய டீச்சர். அது அது நல்லாருக்கு. அப்ப ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுலதான் என்னமோ இருக்கு" என்றார். நான் நக்கலடித்தது அவருக்கு ஒரு துப்பாகப் போய்விட்டது.

நடுவில் இருந்தது பெயின்ட். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன், அம்மாவின் பிறந்தநாளுக்கென்று காரை மூக்கு முதல் வால் வரை புதுக் கறுப்பு அடித்துக் கொடுத்திருந்தார். கட்-அவுட் பெட்டி திருகு போட்டு உட்காரும் இடத்திலும் பெயின்டர் மனசாரப் பூசியிருந்தார். இரும்பும் இரும்பும் தொட வேண்டிய இடத்தில் பெயின்ட் தொட்டுக்கொண்டிருந்தது. "எர்த் எடுக்கலம்மா" என்றார் வீட்டுக்கே வந்து பார்த்த ஸ்ரீவில்லிபுத்தூர் எலக்ட்ரீஷியன். உப்புத்தாளால் ஒரு தேய். அவ்வளவுதான் வைத்தியம். இருட்டத் தொடங்கிய நேரத்தில் காரைக் காம்பவுண்டுச் சுவருக்கு நேராக நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்தார்கள். மங்கலாக இருந்த சுவர் பளிச்சென்று ஆனது, சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். காலை எடுத்தால் மங்கல், மிதித்தால் பளிச். அக்கா அதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கார் அவருடைய வீட்டுக்காரர் வாங்கியது. அவர் இருந்தவரை அக்கா பின்சீட்டுதான். அவர் போன பிறகு கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. கோயிலுக்கென்றால் யாராவது கூட்டிப்போக வேண்டும்; கல்யாணத்துக்கென்றால் யார் வண்டியிலாவது ஓரமாக ஒட்டிக்கொள்ள வேண்டும்; அவர்கள் கிளம்பும்போது இவரும் கிளம்பிவிட வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து இலையில் சோறு விழுந்த பிறகு, "வண்டி கெளம்புது" என்று எழுப்பிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்த மறுநாள் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். இதை என்னிடம் சொல்லும்போது அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. "அன்னிக்குப் பாயசம் வேற, டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய இந்தக் குணம் காரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனுஷர்களிடமும் அதே பாட்டுத்தான். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிவிட்டிருந்த நேரம் அது. கிருஷ்ணன்கோவிலில் ஒரு கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று ரொம்ப நம்பிப் போனார். கிடைக்கவில்லை. தொங்கிய முகத்தோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தவரிடம் அக்கா விசாரித்திருக்கிறார். இல்லை என்றிருக்கிறார் இவர். "சரி, அங்க இல்லன்னு தெரிஞ்சு போச்சு. நல்லது" என்று சொல்லிவிட்டார் அக்கா.

அன்று மாடியில் நடந்த சண்டையை நான் எழுதப்போவதில்லை. வீட்டை மாற்று என்று நின்றார் இவர். எனக்கும் சுள்ளென்றுதான் இருந்தது. கீழே இறங்கிப்போய், "கார் வேற, மனுசன் வேறக்கா" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "எங்க வீட்ல அவிய படுத்த படுக்கையா இருந்தப்போ, வயித்துல புண்ணுதான்னு மொத நாளே ஒருத்தர் சொல்லிட்டாரு. நாங்களும் அதையே புடிச்சுக்கிட்டோம். மாசக்கணக்குல அதுக்குத்தான் மருந்து. வேற ஏதும் இருக்குமான்னு ஒருத்தரும் பாக்கல, நானும் கேக்கல. பொறவு பாத்தா அது வயிறே இல்ல. அதுக்குள்ள ரொம்பப் பிந்திப் போச்சு. இது இல்லன்னு அன்னிக்கே ஒருத்தர் எனக்குச் சொல்லியிருந்தா அவர் கால்ல விழுந்திருப்பேன் டீச்சர். அதான், இல்லன்னு யாராச்சும் சொல்லிட்டா எனக்குச் சந்தோசமா வந்துருது. தம்பிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

நான் மாடிக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். இவர் வீடு மாற்றும் பேச்சை விட்டுவிட்டார். பிறகு கொஞ்ச நாளில் வத்திராயிருப்பில் ஒரு தேங்காய் மண்டியில் கணக்குப் பார்க்கிற வேலையில் சேர்ந்தார். மில்லை விட்டால் வேறு வேலையே கிடையாது என்று இருந்த மனுஷர், அங்கேதான் நிம்மதியாக இருந்தார். அக்கா சொன்னது சரிதான் என்று அவர் வாயால் ஒரு நாளும் ஒத்துக்கொண்டது கிடையாது. ஆனால் மண்டியிலிருந்து வரும்போதெல்லாம் கீழ்வீட்டுக்கு இரண்டு தேங்காய் தனியாக வந்துவிடும்.

கார் சார்ஜ் எடுக்கத் தொடங்கிய பிறகு அக்கா ஒரு புது வழக்கம் ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காருக்குப் பூஜை. கழுவித் துடைத்து, பானெட்டில், ஹெட்லைட்டில், ஸ்டீயரிங்கில், எல்லா இடத்திலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பின்பக்கம் பெட்ரோல் ஊற்றுகிற மூடியிலும் ஒரு பெரிய பொட்டு. "அதுதானே அதுக்கு வாய்" என்பார். மறுநாள் சனிக்கிழமை, பெருமாளைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலை இது. சின்ன மலை, மேலே பெருமாள்.

அந்தச் சனிக்கிழமைகளில்தான் கார் நடுவழியில் நிற்கத் தொடங்கியது. நன்றாகத்தான் ஓடும். பாதி தூரம் போனதும் தும்மும், இழுக்கும், அப்படியே படுத்துவிடும். செத்த நேரம் சும்மா விட்டுவைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் ஏறவில்லை என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. ஏன் ஏறவில்லை என்பதற்குத்தான் ஆளுக்கொரு பதில். வெயிலில் பம்ப் சூடாகிறது என்று ஒருவர் ஈரத்துணி சுற்றச் சொன்னார். சுற்றினார்கள், கொஞ்ச நேரத்தில் ஓடியது, ஆஹா என்றார்கள். அடுத்த வாரம் மழைத்தூறலில், குளுகுளுவென்ற காற்றில் நின்றது. சூடு இல்லை. அவுனா. பம்பைப் பிரித்து உள்ளே இருக்கும் ரப்பர் தகட்டைப் பார்த்தார்கள், கிழியவில்லை. கார்பரேட்டரைப் பெட்ரோலில் ஊறப்போட்டுக் கழுவினார்கள், அழுக்கே இல்லை. டேங்கை இறக்கித் துரு பார்த்தார்கள், குழாயை ஊதிப் பார்த்தார்கள். மெக்கானிக்கின் முகம் வாரத்துக்கு வாரம் கறுத்துக்கொண்டே போனது. அக்கா வாரத்துக்கு வாரம் உற்சாகமானார்.

ஏட்டையா மட்டும் தெளிவாக இருந்தார். "என்னிக்கு நிக்குது? சனிக்கிழம. வேற யாரு வேலை? சனி புடிச்சிருக்கு" என்று வழக்கை முடித்துவிட்டார். அதற்குப் பரிகாரமும் அவரே சொன்னார். பூஜையைப் பலமாகச் செய்ய வேண்டும், சந்தனத்தைத் தாராளமாகப் பூச வேண்டும். அவர் வீட்டிலிருந்தே நல்ல சந்தனமாகக் குழைத்துக்கொண்டு வந்து, தன் கையாலேயே பூசவும் ஆரம்பித்தார். அதற்குப் பிறகு கார் இன்னும் சீக்கிரமாக நின்றது. சனி உக்கிரமாக இருக்கிறார் என்று ஏட்டையா இன்னும் கெட்டியாகக் குழைத்தார்.

ஒரு சனிக்கிழமை கார் ஒரு விலக்கு ரோட்டுத் திருப்பத்தில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி, பிரேக் அடித்து மயிரிழையில் தப்பியது. யாரோ அதைப் போனில் மகனுக்குச் சொல்லிவிட்டார்கள். புரட்டாசியில் அவர் லீவு போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். நல்ல பிள்ளை, அம்மா மேல் உயிர். அந்தப் பயத்தில்தான் அப்படிப் பேசினார்.

"கோயம்புத்தூர்ல பழைய கார் சேக்குற ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்மா. கொடுத்துருவோம். நீ கூப்பிட்ட நேரத்துக்கு வாடகைக் கார் வர்ற மாதிரி நான் ஏற்பாடு பண்ணுதேன்."

"வாடகைக் கார்ல நான் எங்க உக்காரணும்?" என்று கேட்டார் அக்கா.

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். பின்சீட்டில்.

கடைசியில் இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வருகிற சனிக்கிழமை மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். கார் எங்கேயும் நிற்காமல் வந்தால் அது இங்கேயே இருக்கும். நின்றால் கோயம்புத்தூருக்கு. அக்கா சரி என்றார். "டீச்சர், நீங்களும் வாங்க. ஒரு சாட்சி வேணும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மகனே போய் டேங்கை நிரப்பிவிட்டு வந்தார், பெட்ரோல் இல்லாமல் நின்றது என்று பிறகு சாக்குச் சொல்லக் கூடாதாம். சாயங்காலம் ஏட்டையா ஒரு கிண்ணம் நிறையச் சந்தனத்தோடு வந்தார். அன்று அவர் பூசிய பூச்சில் பெட்ரோல் மூடி இருந்த இடமே தெரியவில்லை.

காலையில் கிளம்பினோம். அக்கா ஸ்டீயரிங்கில், மகன் பக்கத்தில், நான் பின்னால் தேங்காய் பழக் கூடையோடு. மகன் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை அடிக்கடி மிதித்தார். அக்கா நிதானமாக ஓட்டினார். நான் பெருமாளை வேண்டிக்கொண்டே வந்தேன். பாதி வழிகூடப் போயிருக்க மாட்டோம். கார் தும்மியது. இழுத்தது. அக்கா அதை ஓரமாக ஒரு புளியமரத்தடிக்கு உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார்.

மகன் போனைக் கையில் எடுத்தார். இந்தப் பெண்மணி இனி ஓரமாக ஒட்டிக்கொண்டு, அடுத்தவர் எழுந்திருக்கச் சொல்லும்போது எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா இறங்கி பானெட்டைத் திறந்தார். கார்பரேட்டரை ஒரு விரலால் தொட்டார். "இது நல்லாருக்கு" என்றார். பம்பைத் தொட்டு, "இதுவும் நல்லாருக்கு" என்றார். பம்பிலிருந்து குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்த்தார். காரின் ஓரமாகவே பின்பக்கம் நடந்துபோனார். "பைப்பு பாத்தாச்சு. டேங்கு கழுவியாச்சு. பின்ன, இதுக்கு மேல என்ன இருக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அதற்கு மேல் இருந்தது மூடி மட்டும்தான். காய்ந்து இறுகியிருந்த சந்தனத்தோடு அதைப் பிடித்துத் திருகினார்.

புஸ்ஸ் என்று ஒரு சத்தம். டேங்க் ஒரு பெருமூச்சை உள்ளே இழுத்தது. எனக்கே கேட்டது.

அக்கா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்ரோல் கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து உள்ள போகணும்ல. இதுல ஒரு பொடித் தொளை உண்டு. சந்தனம் அடைச்சிருக்கு" என்றார். காத்திருக்கவே இல்லை. நேராகப் போய்ச் சாவியைத் திருப்பினார். கார் ஒரே பிடியில் ஸ்டார்ட் ஆனது.

"அவ்ளோதான், அடைப்ப எடுத்துட்டுப் போயிரலாம்கா" என்றேன்.

அவர் செய்தது வேறு. சந்தனம் ஒட்டிய அதே மூடியை, அப்படியே, முன்பு இருந்ததைவிட இறுக்கமாகத் திருகி மூடினார். திறந்தபோது சந்தனத்தில் விழுந்திருந்த ஒரு கீறலையும் விரலால் தேய்த்து அடைத்தார்.

மகன் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னம்மா பண்ற? மறுபடி நின்னுரும்ல."

"நிக்கட்டும். நின்னாத்தான் தெரியும்."

"நின்னா என்னன்னு பேசினோம்னு ஞாபகம் இருக்கா? ஒரு தடவை நின்னதை வேணும்னா நான் கணக்குல சேக்கல. இதை நீயாவே நிக்க வைக்கிற."

"ஞாபகம் இருக்குய்யா."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "ஏங்க்கா இந்த வேண்டாத வேல? ஓடுதுல்ல, போயிருவோம்" என்றேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற குரலிலேயே சொன்னேன்.

"செத்த நேரம் நின்னதுல தானா ஓடுச்சா, மூடியத் திறந்ததுல ஓடுச்சான்னு இப்பத் தெரியாது டீச்சர். தெரியாம வீட்டுக்குக் கொண்டுபோயிட்டா, பொறவு ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டே ஓட்டணும். அப்படி ஓட்டுறது எனக்கு வேணாம். அதுக்குப் பின்சீட்டே தேவலாம்."

காரை எடுத்தார். அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் படபடப்பாக இருக்கிறது. ஓட வேண்டுமே என்று இரண்டு பேர் வேண்டிக்கொள்ள, ஓட்டுகிறவர் எப்போது நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கார் தும்மியது. அக்காவின் முகத்தில் சிரிப்பு வந்தது. முன்கூட்டியே ஓரம் கட்டியிருந்ததால் அழகாகப் போய் நின்றது. "இப்ப யாரும் காத்திருக்க வேணாம்" என்றபடி இறங்கி, மூடியைத் திறந்தார். புஸ்ஸ். சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்.

அதற்குப் பிறகுதான் என் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி, துளையைக் குடைந்து, குடித்தண்ணீரை ஊற்றிக் கழுவி, வாய் வைத்து ஊதிப் பார்த்து, துடைத்து மூடினார். மிச்சத் தூரத்துக்கு ஒரு தும்மல் இல்லை. மலையடிவாரத்தில் புரட்டாசிக் கூட்டத்துக்கு நடுவே இடம் தேடி நிறுத்தி, சாவியை எடுத்து, மகன் கையில் கொடுத்தார்.

"ரெண்டு தடவை நின்னுச்சு. பேசினது பேசினதுதான். கோயம்புத்தூர்க்காரர்கிட்டச் சொல்லிரு. மூடியில மட்டும் எதையும் பூச வேணாம்னு அவர்கிட்டச் சொல்லிரு, பாவம், வழியில நிப்பாரு."

சொல்லிவிட்டுத் தேங்காய்க் கூடையை வாங்கிக்கொண்டு படியேறப் போனார். குரலில் ஒரு கலக்கமும் இல்லை. ஆனால் போகிற போக்கில் பானெட்டை ஒரு தரம் தடவிவிட்டுப் போனதை நான் பார்த்தேன். மகனும் பார்த்திருக்க வேண்டும்.

"அம்மா, நில்லு" என்றார். "நிக்கக் கூடாதுன்னு நான் சொன்னது காருக்காக இல்லம்மா. நடு ரோட்ல நின்னா நீ என்ன செய்வியோன்னுதான் எனக்குத் தூக்கம் வரல. இன்னிக்கு ரெண்டு தடவை நின்னுச்சு, ரெண்டு தடவையும் நீதான் எங்களக் கூட்டிட்டு வந்த."

அங்கேயே, அந்தக் கூட்டத்திலேயே போன் போட்டார். "சார், கார் விக்கிறதுக்கு இல்ல சார். இல்ல சார், வெல ஒரு பிரச்சினை இல்ல. அம்மா ஓட்டுதாங்க."

அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாவியை மகனிடமிருந்து திருப்பி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். மூன்று பேரும் படியேறினோம்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. மகன் முன்சீட்டில் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருக்க, காலைப் பரப்பிக்கொண்டு, அம்மா ஓட்டுகிற காரில் அசந்து தூங்கினார். அக்கா அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று, பின்னால் வந்த பஸ் எவ்வளவு ஹாரன் அடித்தும் கேளாமல், காரை மெல்ல மெல்ல அதன்மேல் ஏற்றி இறக்கினார்.